இரும்பு படாத கோடு

போன மாதம் ஓய்வூதியக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்குவதற்காக ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். இரண்டு வருடத்துக்கு முன்புவரை நான் வேலை பார்த்த வனத்துறை ஆபீஸ்தான். என் பழைய மேசையில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் துணியில் உறை வேறு தைத்துப் போட்டிருக்கிறார்கள். இருபத்தைந்து வருடம் அங்கே குப்பை கொட்டிய எனக்கு அப்படி ஒரு மரியாதையை யாரும் செய்ததில்லை.

கலைச்செல்வி என்று புதிதாக வந்திருக்கும் இளநிலை உதவியாளர் பழைய எஸ்டிமேட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் யாரென்று தெரிந்ததும் ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"சார், இது நீங்க இருந்தப்ப போட்டதுங்க. காட்டுத்தீத் தடுப்பு மானியத்துல ஏழாவது ஐட்டம். வருசா வருசம் அப்படியே காப்பி பண்ணிட்டே வந்திருக்காங்க. நீளம் போட்டிருக்குது, எத்தன ஆளுன்னு போட்டிருக்குது. தொகைங்கிற இடத்துல மட்டும் 'இல்லை'ன்னு இருக்குது. கம்ப்யூட்டரு இத ஏத்துக்கவே மாட்டேங்குதுங்க. எடுத்துறட்டுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். 'கோயில்காட்டில் சருகு வாரி அப்புறப்படுத்துதல், இரும்பு படாமல். தொகை: இல்லை.'

"எடுக்காத கண்ணு" என்றேன்.

"ஏனுங்க சார்?"

அது நீளமான கதை. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் சேலத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எழுபதுகளில் வனக்காவலராகச் சேர்ந்தேன். பயிற்சிப் பள்ளியில் மரங்களின் பெயரும், சங்கிலி பிடித்து நிலம் அளக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். தீயைப் பற்றி ஒரு பாடம் இருந்தது, பரீட்சையில் அதில் எனக்கு நல்ல மார்க். மலைக்கு வந்த முதல் கோடையில் கிளியூர்ப் பக்கத்துச் சரிவொன்றில் நிஜமான தீயைப் பார்த்தேன். கீழே மெல்லிசாக ஒரு புகை தெரிந்தது. அதைக் கூட வந்தவரிடம் காட்டி, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் தீ பாதி மேடு ஏறிவிட்டது. வெளிச்சம் என்னைப் பயமுறுத்தவில்லை, சத்தம்தான் பயமுறுத்தியது. தகரக் கூரையில் பெருமழை விழுகிற சத்தம். தீ மேட்டில் ஏறும்போது மனிதனைவிட வேகமாக ஏறும் என்று பரீட்சையில் எழுதியவன் நான்தான். தீயை அடிக்கக் கையில் வைத்திருந்த பச்சைத் தழையை வீசிவிட்டு ஓடினேன். இதை என் மனைவியிடம்கூட வெகுகாலம் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் வனவராகிவிட்டேன். காவலருக்கு மேல், ரேஞ்சருக்குக் கீழ். அப்போதுதான் தேவசகாயம் அய்யா ரேஞ்சராக வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஒல்லியான ஆள். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, "சார்" என்பார். அவர் வாயிலிருந்து "சார்" வந்தால் ஆபீஸே தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்க்கும்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. பதிவேட்டில் எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். சரிவைப் பார்த்தேன், புல் இவ்வளவு உயரம், ஆள் வந்தார்கள், வரவில்லை, எல்லாம் பென்சில். மூன்று நாள் கழித்து அதே பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். அப்போதும் அது உண்மையாக இருந்தால் அதன்மேல் பேனாவால் எழுதுவார். இல்லாவிட்டால் ரப்பர். ஆபீஸில் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

காட்டில் அவர் நடப்பதைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெயில் காலம் வருவதற்கு முன், மார்கழி, தை மாதங்களில், ஆபத்தான சரிவுகளில் நாங்களே புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொளுத்திவிடுவோம். அதற்கு முன் அவர் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடித்து மடக்குவார். வளைந்தால் கொளுத்தலாம். முறிந்தால் அன்றைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். பத்தடிக்கு ஒரு ஆள், ஆளுக்கொரு ஈரச் சாக்கு. நெருப்பை மேல் ஓரத்தில்தான் வைக்க வேண்டும். மேலிருந்து கீழே வரும் தீக்கு வேகம் கிடையாது, தயங்கித் தயங்கி இறங்கும். அது கடைசிப் புல்லைத் தின்று முடிக்கும்வரை அவர் உட்கார மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். என்னை ஓட வைத்த அதே தீ அவர் முன்னால் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இறங்கி வந்தது. எனக்கு வியப்பு தாங்கவில்லை.

அவர் வந்த வருடமே மேலிடத்திலிருந்து அந்த மானியமும் வந்தது. அதுவரை தீப்பிடித்தால் நாங்கள் அரசாங்கக் காட்டைப் பார்த்துக்கொள்வோம். எஸ்டேட்காரர்கள் தங்கள் காப்பியைப் பார்த்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் கூரையைக் காப்பாற்றிக்கொள்வார்கள். மூன்று பேரும் ஒரே குழுவாக உட்கார்ந்து, ஒரே திட்டமாக வேலை செய்தால் பணம் தருகிறோம் என்றது மானியம். பணம் இரண்டு தவணை. முதல் தவணையில் காட்டுக்கும் ஊருக்கும் நடுவே இருபதடி அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். கோடு எங்கும் அறுந்து போகாமல் இருக்கிறது என்று ஒரு மேலதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இரண்டாவது தவணை. ஆறு ஊர்த் தீக்காவலர்களுக்கு மழை வரும்வரை சம்பளம் அதிலிருந்துதான்.

அந்த ஆறு ஊர்களில் எங்களுக்குப் பெரிய பயம் ஈச்சங்காடுதான். நாகலூரைத் தாண்டி, மலை விளிம்பில் முப்பது வீடுகள். அத்தனையும் புல் வேய்ந்த கூரை. ஊருக்குக் கீழே ஒரு கோயில்காடு. அதற்கும் கீழே மலைப்பாதை வரைக்கும் ஆள் உயரப் புல். பாதையில் போகிறவன் ஒரு பீடித் துண்டை வீசினால் போதும், தீ நேராக இந்த முப்பது வீட்டுக்குத்தான் ஏறி வரும்.

முதல் கூட்டம் எஸ்டேட்டில் கூலியாட்களைக் கணக்கெடுக்கிற மஸ்டர் கொட்டகையில் நடந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுசாமி இருபது ஆளும், அபாயத்துக்கு அடிக்க எஸ்டேட் மணியும் தருவதாக ஒப்புக்கொண்டார். நான் வரைபடத்தை விரித்து, சிவப்பு மையில் போட்டிருந்த கோட்டைப் பெருமையாகக் காட்டினேன். கிழக்கே பாறையில் தொடங்கி, நடுவில் கோயில்காட்டைக் குறுக்கே கடந்து, மேற்கே எஸ்டேட் வேலியில் முடிகிற கோடு.

ஈச்சங்காட்டின் தலைவர் ஊர்க்கவுண்டர் சடையனுக்கு என் வயதுதான் இருக்கும். குட்டையான ஆள், எதைச் சொன்னாலும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்வார். வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"கோடு நொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா நடுவுல போவாதுங்களே."

"ஏனுங்க?"

"சாமி காட்டுக்குள்ள இரும்பு படக்கூடாதுங்க. அருவா, மம்புட்டி, ஒண்ணும் ஆவாது. செருப்புங்கூட ஆவாதுங்க."

கோயில்காட்டுக்கு மேலே கோட்டை நகர்த்தினால் வீடுகளுக்குள் வந்து விழும். கீழே செங்குத்து. நடுவில் அரை பர்லாங்கு விட்டுவிட்டால் கோடு அறுந்ததாக ஆகிவிடும், அதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். நான் விதிகளைப் படித்துக் காட்டினேன். ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மரியாதையாகவே முடியாது என்றார்கள். அரை மணி நேரம் இப்படியே போனது. ரேஞ்சர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் பாப்பாத்தி என்கிற பெண் உட்கார்ந்திருந்தார். கோயில்காட்டில் விளக்கு வைப்பவர். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, தீ மரத்துமேலயா ஓடுது? கீழ கெடக்கற சருகுலதானுங்களே ஓடுது? சருக வாரறதுக்கு அருவா எதுக்குங்க?"

ரேஞ்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அந்த அம்மா சொல்லச் சொல்ல ஒரு சொல் விடாமல் பென்சிலில் எழுதிக்கொண்டார்.

தை மாதத்தில் ஒரு காலை, ஈச்சங்காட்டில் நடக்க முடிந்த அத்தனை பேரும் கோயில்காட்டுக்குள் இறங்கினார்கள். நானும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, அளவு நாடாவோடு போனேன். நாடாவின் நுனியில் ஒரு இரும்பு வளையம் இருந்தது. பாப்பாத்தி அதைக் கண்டுபிடித்து வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். கயிற்றில் முடிச்சுப் போட்டுத்தான் அளந்தேன்.

ஈச்சம்மாறாலும் மூங்கில் குச்சிகளாலும் சருகை வாரினார்கள். புல்லை வேரோடு கையால் பிடுங்கினார்கள். காய்ந்த கொடிகளை முறுக்கி முறுக்கி அறுத்தார்கள், மசியாததைப் பல்லால் கடித்தார்கள். ஒரு மரத்திலும் ஒரு கிளையும் முறியவில்லை. வாரியதையெல்லாம் கூடை கூடையாகச் சுமந்து மேலே தங்கள் கொல்லைகளுக்கு எருவாகக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் மாலை பார்த்தேன். அந்தப் பெரிய மரங்களுக்கு அடியில் இருபதடி அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது. காலையில் பெருக்கித் தண்ணீர் தெளித்த வாசல் மாதிரி இருந்தது. பத்து வருடமாகச் சுற்றுகிற மலையில் இப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை. வெறுங்காலில் அந்த ஈர மண் பட்டபோது உடம்பு சிலிர்த்தது.

அளவுப் புத்தகத்தில் 'வெட்டிய பரப்பு' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. இங்கே எதுவுமே வெட்டவில்லையே. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

கோயில்காட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் எங்கள் ஆட்களும் எஸ்டேட் ஆட்களும் அரிவாளால் வெட்டினார்கள். வேலை மளமளவென்று நடந்தது. வெட்டிய புல்லையும் உண்ணிச்செடியையும் கோட்டின் மேல் ஓரத்தில் அப்படியே குவித்துக்கொண்டு போனோம். எஸ்டேட் பக்கத்துக் குவியலைப் பொன்னுசாமி வண்டி வைத்து அள்ளிக்கொண்டார், மாட்டுக் கொட்டிலுக்கு ஆகும் என்று. கிழக்குப் பக்கத்தில் குவியல் அப்படியே கிடந்தது. சடையன் ஒரு நாள் அதன் பக்கத்தில் நின்று கண்ணைச் சுருக்கினார்.

"ஏனுங்க வனவரய்யா, வெட்டுனத ஆருங்க அள்றது?"

"எஸ்டிமேட்டுல வெட்டறதுக்குத்தானுங்க இருக்குது. அள்றதுக்கு இல்லீங்களே."

"ஓ! அப்பத் தீ வந்தா அதுகிட்டயும் எஸ்டிமேட்டக் காட்டிருங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, உண்மையிலேயே எஸ்டிமேட்டில் அது இல்லை. ஒரு காகிதத்தில் ஒரு விஷயம் இல்லாவிட்டால் உலகத்திலேயே அது இல்லை என்று நினைக்கிற வியாதி எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும்தான் வரும்.

அந்தச் சமயத்தில் ரேஞ்சர் ஒரு வழக்குக்காகச் சேலம் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். திரும்பி வந்ததும் கேட்டார். "கோடு முடிஞ்சுதா தம்பி? சுத்தமா இருக்கா?"

"சுத்தமா இருக்குதுங்கய்யா."

'கோடு சுத்தம்' என்று பென்சிலில் எழுதினார். மூன்று நாள் கழித்து, மறுபடியும் கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதன்மேல் மையில் எழுதிவிட்டுப் போனார்.

பங்குனியில், மேலதிகாரி பார்வையிட வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு நாள் உச்சி வெயிலில் மலைப்பாதைப் பக்கம் புகை எழும்பியது. தீக்காவலர் விசில் ஊதினார். எஸ்டேட் மணி அடித்தது. கால் மணி நேரத்தில் ஈச்சங்காட்டார், பக்கத்து இரண்டு ஊர்க்காரர்கள், லாரியில் எஸ்டேட் ஆட்கள் என்று எல்லோரும் பச்சைத் தழையும் ஈரச் சாக்குமாகக் கோட்டுக்கு வந்துவிட்டார்கள். அதற்கு முன் ஒரு தீக்கு மூன்று தரப்பும் சேர்ந்து வந்ததை நான் பார்த்ததே கிடையாது. ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கினார். கீழே புல்வெளி முழுக்க அகலமாகத் தீ ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பழைய அந்தத் தகரக் கூரைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"பாதி ஆள கோயில்காட்டுல நிறுத்தணுங்கய்யா" என்றேன். "அங்கதான் கோடே வெட்டல."

சடையன் குறுக்கே வந்தார். "சாமி காட்டுக்கு ஒரு ஆளுங்கூட வேணாமுங்க. அது நிக்குமுங்க. எல்லாரையும் கெழக்க அனுப்புங்க."

"ஏன் கிழக்கே?" என்று ரேஞ்சர் கேட்டார்.

சடையன் என்னைப் பார்த்தார். காட்டிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது. முப்பது வீடும் பின்னால் இருக்கிறது, அவருடைய வீடும் அதில் ஒன்று. அந்த நேரத்திலும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார்.

"குப்பைய அள்ளலீங்கய்யா" என்றேன். "மேல் ஓரத்துல குமிஞ்சு கெடக்குதுங்க. நல்லா காஞ்சிருச்சு."

ரேஞ்சர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "எவ்வளவு நீளத்துக்கு, சார்?"

என் ஆயுசில் அதைவிடப் பெரிய அடி நான் வாங்கியதில்லை. நீளத்தைச் சொன்னேன். அவர் கோயில்காட்டை ஒரு தரம் பார்த்தார், சடையனை ஒரு தரம் பார்த்தார். பிறகு எல்லோரையும் கிழக்கே ஓடச் சொன்னார். கோயில்காட்டில் ஒருவரும் இல்லை.

தீப்பொறி ஒன்று கோட்டைத் தாண்டி அந்தக் குவியலில் விழுந்தால் தீர்ந்தது. பிறகு தீக்குக் கோடு என்று ஒன்றே கிடையாது. குவியலைக் கையால் பிடித்து இழுத்து, கோட்டைத் தாண்டித் தீ வரும் பக்கமாகக் கீழே தள்ளினோம். உண்ணி முள் கையைக் கிழித்தது. ரைட்டர் பொன்னுசாமி தன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இழுத்தார். கோயில்காட்டுப் பக்கத்திலிருந்து பாறையை நோக்கிக் காலி செய்துகொண்டே வர வர, ரேஞ்சர் எங்களுக்குப் பின்னால் கோட்டின் கீழ் ஓரத்தில் தானே தீ வைத்துக்கொண்டு வந்தார். அந்தத் தீ கீழே தயங்கித் தயங்கி இறங்கியது. பெரிய தீ பக்கத்தில் வந்ததும் சின்னதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்த இடத்தில் பனை உயரத்துக்கு எழும்பி நின்றன. எங்கள் முகத்து மயிர் பொசுங்கியது. அடுத்த நிமிடம் தின்பதற்கு ஒன்றும் இல்லாமல் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிட்டன. கண் முன்னால் நடந்தும் என்னால் நம்ப முடியவில்லை.

பாறை ஓரத்துக் கடைசி நூறடிக்கு மட்டும் நேரம் போதவில்லை. அங்கே பொறி விழுந்து குவியல் பற்றி, தீ மேலே தாவியது. அதன் வழியில் முதலில் இருந்தது சடையனின் மாட்டுக் கொட்டகையும் வைக்கோல் போரும். மாடுகளை முன்பே அவிழ்த்து விட்டிருந்தார்கள். ஐம்பது அறுபது பேர் சாக்கால் அடித்து, தீயை அந்தக் கொட்டகையோடு நிறுத்தினார்கள். வீடுகளுக்குப் போகவில்லை.

மூச்சு வந்ததும் எனக்குக் கோயில்காட்டு நினைவு வந்தது. ஓடினேன். ஓரத்தில் நின்று பூட்ஸைக் கழற்ற நேரமில்லாமல் கழற்றிக்கொண்டே உள்ளே போனேன். தீ அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருந்தது. கீழ்ப் பக்கத்துச் சருகில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. செம்மண் விளிம்பு வரைக்கும் வந்தது. அதைத் தாண்ட அதற்கு ஒன்றும் இல்லை. கணுக்கால் அளவுக்குக் குறைந்தது, பிறகு விரல் அளவு, பிறகு புகை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து ஒரு காய்ந்த இலை கோட்டின் நடுவில் விழுந்து, பறந்து வந்த பொறியில் பற்றி எரிந்து, தனியாக அணைந்தது. அந்த இருபதடியில் அன்றைக்கு எரிந்தது அந்த ஒரு இலைதான். நான் அங்கேயே மண்டியிட்டுவிட்டேன். கடவுள் நம்பிக்கை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவர்கள் பெருக்கியது தை மாதத்தில். மாசி, பங்குனிதான் இலை கொட்டுகிற காலம். இரண்டு மாதச் சருகு அந்தக் கோட்டில் கிடந்திருக்க வேண்டும். எங்கே போனது? மேலே வந்து பாப்பாத்தியிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நாங்க பொம்பளைங்க போய்க் கூட்டீட்டு வருவமுங்க" என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி. யாரும் அவர்களைக் கூட்டச் சொல்லவில்லை. எந்தக் காகிதத்திலும் அது இல்லை.

சடையன் கரியாகிப் போன கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன். முகமெல்லாம் கரி, அதற்குள் ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"ஏனுங்க, எஸ்டிமேட்டக் காட்டுனீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயது ஆள், காக்கி உடுப்போடு, ஊர் பார்க்க அழுதேன். "உடுங்க வனவரய்யா, ஊடு நிக்குதுங்களே" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

இத்தனைக்கும் பிறகு, மறுநாள் காலை நான் செய்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. இரவெல்லாம் யோசித்து, வேலை போய்விடும் என்ற பயத்தில், ரேஞ்சரிடம் போய் இப்படிச் சொன்னேன். "அய்யா, கோயில்காட்டுல கோடு வெட்டலைங்கிறது எல்லாருக்கும் தெரியுமுங்க. தீ அந்த வழியா தாண்டிருச்சுன்னு எழுதிட்டா ஆரும் கேக்க மாட்டாங்க."

அவர் திட்டவில்லை, "சார்" என்றும் சொல்லவில்லை. பதிவேட்டைத் திறந்து 'கோடு சுத்தம்' என்று அவர் கையால் மையில் எழுதியிருந்த வரியை என் பக்கம் திருப்பி வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"இதுக்குக் கீழே நடந்ததை எழுதுங்க தம்பி. இதுக்குப் பென்சில் வேண்டாம்."

எழுதினேன். கிழக்குப் பகுதியில் வெட்டிய குப்பையை அள்ளவில்லை, தீ அங்கேதான் தாண்டியது, கோயில்காட்டில் தாண்டவில்லை, சுத்தம் என்று நான் சொன்னது பொய். கையெழுத்துப் போட்டேன். அவர் பேனாவை வாங்கி எனக்குக் கீழே ஒரு வரி எழுதினார். 'வனவர் சொன்னதை நேரில் பாராமல் மையில் எழுதியது என் பிழை.' அவரும் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. எனக்கு ஒரு வருட ஊதிய உயர்வு போனது. அது நியாயம். அவருக்கும் போனது. அது இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் முள்.

மேலதிகாரி வந்தார். கோயில்காட்டு எல்லையில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே கால் வைத்தவரைப் பாப்பாத்தி அதையும் கழற்ற வைத்தார். கீழே கரி, மேலே பச்சை, நடுவில் செம்மண் கோடு. அவர் கோட்டின் நீளம் முழுவதும் நடந்து பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருட எஸ்டிமேட்டில் ரேஞ்சர் இரண்டு ஐட்டம் சேர்த்தார். ஆறாவது, வெட்டியதை அள்ளி அப்புறப்படுத்துதல். ஏழாவது, கோயில்காட்டில் சருகு வாருதல், இரும்பு படாமல். இரண்டுக்கும் நியாயமான கூலி போட்டு அனுமதி வாங்கினார். தை மாதம் பெருக்கி முடித்த அன்று நான் கூலிக் கணக்கான மஸ்டர் ரோலை விரித்துவைத்து, கைநாட்டுக்கு மைப்பெட்டியும் வைத்தேன். ஈச்சங்காட்டுப் பெண்கள் ஒருத்தரும் முன்னால் வரவில்லை. ரேஞ்சர் பாப்பாத்தியைக் கூப்பிட்டு, அரசாங்கப் பணம்தான், தாராளமாக வாங்கலாம் என்றார்.

"மத்த எடத்துல வேல செஞ்சதுக்குக் குடுங்க சாமி, வாங்கிக்கறமுங்க" என்றார் பாப்பாத்தி. "இது எங்க ஊட்டு வாசலுங்க. ஊட்டு வாசலக் கூட்டறதுக்கு ஆராச்சும் கூலி வாங்குவாங்களா?"

ரேஞ்சர் எஸ்டிமேட்டை எடுத்து, ஏழாவது ஐட்டத்தில் தொகையை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார். நேராக மையிலேயே எழுதினார். மூன்று நாள் காத்திருக்காமல் அவர் மையைத் தொட்டதை, அந்தப் பதிவேட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தொகையே இல்லைன்னா ஐட்டம் எதுக்குங்கய்யா? எடுத்துறலாமே?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. இதைக் காப்பி பண்றவங்கள்ல ஒருத்தராவது என்னைக்காவது ஏன்னு கேப்பாங்க. அப்ப நீங்க சொல்லுங்க."

அவர் மாற்றலாகிப் போன பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த வரியை நானே என் கையால் காப்பி செய்தேன். எனக்குப் பின் வந்தவர்களும் செய்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கலைச்செல்விதான் முதலில் கேட்டிருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்கிறதோ இல்லையோ, அந்த ஐட்டத்தை மட்டும் எடுக்காத கண்ணு.